முழு இருதயம் என்றால் எவ்வளவு?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் கேர்கிவர் வேலையில் இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது போல நானும் அவரை ‘சவ்தா’ என்றுதான் கூப்பிடுகிறேன். காலையிலும் இரவிலும் வலது கையால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஷெமா இஸ்ராயேல்’ (இஸ்ரவேலே, கேள்) என்று சொல்வார். அது உபாகமம் 6-ஆம் அதிகாரம் என்று பிறகுதான் தெரிந்தது. ‘நீ உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக’ என்று ஓய்வுநாள் பள்ளியில் நான் மனப்பாடம் செய்த வசனம் அதில்தான் வருகிறது. இப்போது அதைக் கேட்டால் எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது. என் இருதயத்தில் பாதிக்கு மேல், மாமியாரிடம் விட்டுவந்த ஆறு வயது மகளிடம் இருக்கிறது. மீதி கடனில் இருக்கிறது. ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். இதில் ‘முழு இருதயத்தோடும்’ எங்கிருந்து வரும்? அன்புகூரு என்று கட்டளையிட்டால் அன்பு வந்துவிடுமா? எங்கள் ஊர் ஊழியர் ஒருவர், யூதர்களுடையது வெறும் சடங்கு, அதில் அன்பு கிடையாது என்கிறார். சவ்தாவும் சில நாள் ஷெமா சொல்லி முடித்த கையோடு என்னைத் திட்டுவார். அவர் அதைச் சொல்லும்போது நான் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

அந்த ஊழியர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுவோம். இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடும் எபிரேயமும் கற்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: யூதர்களின் ஜெபத்தில் அன்பு இல்லை என்பது அவர்களுடைய ஜெபப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு. நம் சபைகளில் இது தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சவ்தா சொல்வது மூன்று வேதபகுதிகள் சேர்ந்தது: உபாகமம் 6:4–9, உபாகமம் 11:13–21, எண்ணாகமம் 15:37–41. முறையான காலை, மாலை ஆராதனையில் இந்த மூன்றுக்கும் முன்னால் ஓர் ஆசீர்வாதம் வரும். அஷ்கெனாசி என்கிற ஐரோப்பிய யூதர்களின் வழக்கத்தில் காலையில் அது ‘மிகுந்த அன்பினால் எங்களில் அன்புகூர்ந்தீர்’ என்று தொடங்கும். மாலையில் ‘நித்திய அன்பினால்’ என்று தொடங்கும். அதாவது ‘நீ அன்புகூருவாயாக’ என்ற கட்டளை வாயில் வருவதற்கு முன்பே ‘நீர் எங்களில் அன்புகூர்ந்தீர்’ என்று சொல்லி முடித்திருப்பார்கள். ‘அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்’ என்று யோவான் நிருபத்தில் நாம் படிக்கிற அதே வரிசைதான். இதைத் தினமும் சொல்கிற ஜனத்தைப் பார்த்து அன்பில்லாதவர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்தது, கட்டளையிட்டால் அன்பு வருமா என்ற கேள்வி. இது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகமில்லை. உபாகமத்துக்குப் பழைய ரபிமார்கள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், எழுதிவைத்த சிஃப்ரே என்ற விளக்கம் இதையே எடுத்துக்கொள்கிறது. அன்புகூரச் சொல்லியிருக்கிறதே, எப்படி அன்புகூருவது? பதிலுக்கு அது வேறெங்கும் போவதில்லை. அடுத்த வசனத்தையே காட்டுகிறது: ‘இன்று நான் உனக்குக் கட்டளையிடுகிற இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது.’ வார்த்தைகளை நெஞ்சில் வைத்துக்கொள். அவை வழியாகவே, சொல்லால் உலகத்தை உண்டாக்கினவரை அடையாளம் கண்டு, அவர் வழிகளைப் பற்றிக்கொள்வாய் என்கிறது. எகிப்தில் மருத்துவராக இருந்த பெரிய யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) இன்னொரு வாசலையும் திறந்துவைத்தார்: அவர் படைப்புகளை உற்றுப் பார், பார்க்கப் பார்க்க அன்பு ஊறும், அறிவு எவ்வளவோ அன்பும் அவ்வளவு. இரண்டு பேருமே, உனக்குள் அன்பு பொங்கும்வரை காத்திரு என்று சொல்லவில்லை. வசனமும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் இதைப் பேசு, கையில் கட்டு, வாசல் நிலையில் எழுது. கை, கால், வாய், வாசல் என்று தொடுகிற இடங்களாகவே சொல்லிக்கொண்டு போகிறது.

யூதர்கள் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். சவ்தா வீட்டு வாசலில், உள்ளே நுழையும்போது வலது பக்க நிலையில், விரல் நீளத்துக்கு ஒரு பெட்டி அறைந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். அதுதான் மெஸூஸா. பெட்டிக்கு மதிப்பு இல்லை, உள்ளே இருப்பதற்குத்தான். சிறு தோல் துண்டில் உபாகமத்தின் அந்த இரண்டு பகுதிகளையும் பயிற்சி பெற்ற எழுத்தர் கையாலேயே எழுதிச் சுருட்டி வைத்திருப்பார். ஓர் எழுத்து பிசகினாலும் அது செல்லாது. வீட்டைத் துடைக்கும்போது அதைக் கழற்ற வேண்டாம். மேலே ஈரத் துணி வைத்து அழுத்தவும் வேண்டாம்.

இப்போது உங்களை உறுத்துகிற அந்த ‘முழு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, ஷெமாவை எந்த நேரத்திலிருந்து சொல்லலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. அதே முதல் பகுதியின் கடைசி அதிகாரத்தில் இந்த வசனத்தைப் பிரித்து விளக்குகிறார்கள். ‘முழு இருதயத்தோடும்’: உன் இரண்டு நாட்டங்களோடும், நல்ல நாட்டத்தோடும் தீய நாட்டத்தோடும். ‘முழு ஆத்துமாவோடும்’: அவர் உன் உயிரையே எடுத்துக்கொண்டாலும். ‘முழுப் பலத்தோடும்’: உன் பணம் அத்தனையோடும்.

முதல் விளக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தீய நாட்டத்தோடும் கடவுளை நேசிப்பதா? எனக்கும் மாணவர் பருவத்தில் இது புரியாமல்தான் இருந்தது. ரபிமார்கள் அந்தப் பெயரில் எதைச் சொன்னார்கள் என்று பார்த்தால் விளங்கும். ஆதியாகமத்துக்கான பழைய மிதுராஷ் விளக்கத்தில் ஒரு வரி உண்டு: இந்த நாட்டம் மட்டும் இல்லாவிட்டால் ஒரு மனுஷனும் வீடு கட்டமாட்டான், கல்யாணம் செய்யமாட்டான், பிள்ளை பெறமாட்டான், வியாபாரம் பண்ணமாட்டான். அதாவது ஆசை, பயம், எனக்கு என் பிள்ளைக்கு என்கிற பிடிப்பு, நாலு காசு சேர்க்க வேண்டுமென்ற தவிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். உங்களை விமானம் ஏற்றி ஹைஃபாவில் கொண்டுபோய் நிறுத்தியதும் அதுதானே. அதை வெளியே கழற்றி வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற சுத்தமான பகுதியோடு மட்டும் வா என்று ஷெமா கேட்டிருந்தால், ‘முழு’ என்ற சொல்லுக்கே இடமிருக்காது. நீங்கள் பாதி மகளிடம், மீதி கடனில் என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதியையும் மீதியையும் சேர்த்துக் கொண்டுவரத்தான் அந்த வசனம் சொல்கிறது. மகளை நினைத்துக்கொண்டே ஜெபியுங்கள், கடன்காரர் பேரைச் சொல்லியே ஜெபியுங்கள்.

பணத்தைப் பற்றி, மிஷ்னாவின்மேல் ரபிமார்கள் நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்தில் ரபி எலியேசர் கேட்கிற கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். உயிரோடு என்று சொன்ன பிறகு பணத்தோடு என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவரே பதில் சொல்கிறார்: சிலருக்குப் பணத்தைவிட உடம்பு பெரிது, அவர்களுக்காக உயிரைச் சொல்லியிருக்கிறது. சிலருக்கு உடம்பைவிடப் பணம் பெரிது. அவர்களுக்காகப் பணத்தைச் சொல்லியிருக்கிறது. மனுஷரை நன்றாகத் தெரிந்தவர் பேசுகிற பேச்சு இது. உங்களைப் போல உடம்பை வருத்தி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இரண்டாவது வகையில் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. பணத்தாசையால் இல்லை, பாரத்தால். நேராகக் கேட்கிறேன்: வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வார ஓய்வு நாளில் ஓய்வெடுக்கிறீர்களா, கூடுதல் காசுக்கு அதையும் விற்றுவிடுகிறீர்களா? ஜெபத்தில் தூங்கி விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது விசுவாசக் குறைவு என்று எனக்குப் படவில்லை. தூக்கம் பற்றாதவர் எழுதிய கடிதமாகத்தான் படுகிறது.

‘முழு ஆத்துமாவோடும்’ என்பதற்கு யூதர்கள் நினைவில் வைத்திருக்கும் பெயர் ரபி அக்கிவா. கி.பி. 132-இல் ரோமருக்கு எதிராக எழுந்த பார் கோக்பா கிளர்ச்சியை ஒட்டிய காலத்தில், வேதம் கற்பித்த குற்றத்துக்காக ரோமர்கள் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். இரும்புச் சீப்புகளால் அவருடைய சதையை வாரினார்கள் என்கிறது தல்மூத். அப்போது ஷெமா சொல்லும் வேளை. அவர் சொல்ல ஆரம்பித்தார். ‘எங்கள் ஆசிரியரே, இதுவரைக்குமா?’ என்று சீடர்கள் கதறினார்கள். ‘முழு ஆத்துமாவோடும் என்ற இந்த வசனத்தைக் குறித்து என் வாழ்நாளெல்லாம் சஞ்சலப்பட்டேன். எப்போது கைக்கு வரும், எப்போது நிறைவேற்றுவேன் என்றிருந்தேன். வந்திருக்கும்போது நிறைவேற்றாமல் விடுவேனா?’ என்றார் அவர். ‘ஒருவரே’ என்ற சொல்லை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. இந்த உச்சத்தோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்த ‘வாழ்நாளெல்லாம் சஞ்சலப்பட்டேன்’ என்பதைக் கவனியுங்கள். யூத குலத்தின் மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவர், காலையும் மாலையும் இந்த வார்த்தைகளைச் சொல்லிவந்தவர், அத்தனை வருடமும் ‘இதை நான் இன்னும் நிறைவேற்றவில்லையே’ என்ற உறுத்தலோடுதான் சொல்லியிருக்கிறார். உறுத்துகிறது என்பதற்காக ஒரு நாளும் சொல்லாமல் விடவில்லை. உங்களுக்கு இருக்கிற உறுத்தல் அதே வகையைச் சேர்ந்தது. அது அன்பில்லாதவருக்கு வராது.

இனி மனம் அலைகிறதே என்பது. இதில் ரபிமார்கள் காட்டிய இரக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஷெமா முழுவதற்கும் மனதைச் செலுத்த வேண்டும் என்பதுதான் விருப்பம். ஆனால் கட்டாயம் என்று நிலைத்தது முதல் வசனத்துக்கு. ‘இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்.’ அந்த ஒரு வசனத்துக்கு மனம் முழுதாக இருக்க வேண்டும். சவ்தா கண்ணை மூடுவது அதற்காகத்தான்; மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதா இளவரசரே அந்த வேளையில் கையைக் கண்மேல் வைப்பார் என்று தல்மூத் சொல்கிறது. மரத்தின்மேல் இருக்கும் கூலியாளும், பாதி எழும்பிய கட்டுச் சுவரின்மேல் நிற்கும் கொத்தனாரும் கீழே இறங்காமலேயே ஷெமா சொல்லலாம் என்று மிஷ்னா அனுமதிக்கிறது. வீட்டில் பிணம் கிடக்கிறவருக்கு அன்று ஷெமா சொல்லும் கடமை இல்லை. முதலிரவு மாப்பிள்ளைக்கும் இல்லை. அவன் கவலை வேறு. ரபான் கமாலியேல் என்ற ஆசிரியரின் பிள்ளைகள் ஒரு விருந்திலிருந்து பின்னிரவில் வந்து, ‘இன்னும் ஷெமா சொல்லவில்லையே’ என்று கையைப் பிசைந்தபோது, ‘பொழுது விடியவில்லை என்றால் இப்போது சொல்லுங்கள்’ என்றார் அவர். நடுராத்திரிக்குள் என்று மற்ற அறிஞர்கள் வைத்த எல்லையும், ஜனங்கள் தள்ளிப்போட்டு மீறிவிடக் கூடாதே என்று வைத்ததுதான்.

வேலை செய்கிறவனுக்கும் துக்கத்தில் இருக்கிறவனுக்கும் பிந்தி வருகிறவனுக்கும் இடம் விட்டுத்தான் இந்த ஜெபம் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் தாண்டி வந்திருக்கிறது. நீங்களும் உங்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். ராத்திரி நீண்ட ஜெபத்தை விட்டுவிடுங்கள். தலையணையில் தலை வைக்கும்போது அந்த ஒரு வசனம், தொடர்ந்து ‘முழு இருதயத்தோடும்’ வசனம், அவ்வளவு போதும். நிதானமாக, சொல் சொல்லாக. முடிக்கும் முன் தூங்கினால் தூங்குங்கள். யூதர்களும் படுக்கையில் ஷெமா சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசாமல் தூங்குவதைத்தான் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளை நினைப்பது ஜெபத்துக்குத் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். ஷெமாவோ நாலாவது வசனத்திலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறது: ‘நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து.’ யூதக் குடும்பங்களில் குழந்தைக்குப் பேச்சு வரத் தொடங்கியதும் கற்றுக்கொடுக்கிற முதல் வரிகளில் ஷெமாவின் முதல் வசனமும் ஒன்று. தல்மூத் காலத்திலிருந்து அப்படி. நீங்களும் செய்யலாம். ராத்திரி வேலை முடிந்து நீங்கள் போன் செய்யும்போது ஊரில் நேரம் பிந்திவிடும், பிள்ளை தூங்கியிருப்பாள். கோடையில் இந்தியா உங்களைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, குளிர்காலத்தில் மூன்றரை. காலையில் சவ்தா எழும் முன் ஐந்து மணிக்கு வீடியோ காலில் கூப்பிட்டால், அங்கே தலை பின்னிப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். இரண்டு நிமிடம் போதும். நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி என்று அந்த வசனத்தைச் சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொள்ளுங்கள், பிள்ளையை வளர்க்கிறவர் அவர்தானே.

சவ்தா திட்டுவதைப் பற்றி. நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் இருந்த அபாயே என்ற ஆசிரியர் ‘அன்புகூருவாயாக’ என்பதை இப்படி எடுத்துக்கொண்டார்: உன்னைப் பார்த்துப் பிறர் கடவுளை நேசிக்கும்படி நடந்துகொள். வேதம் கற்றவனின் பேச்சும் கொடுக்கல்வாங்கலும் இனிமையாக இருந்தால், ‘இவனுக்கு வேதம் கற்பித்த தகப்பன் பாக்கியவான்’ என்பார்கள். கற்றவன் முரடனாக இருந்தால், ‘இவனுக்குக் கற்பித்தவனுக்கு ஐயோ’ என்பார்கள். ஆக, ஜெபித்த வாயால் திட்டுவது சரியில்லை என்பதை அவர்களுடைய ஆசிரியர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பட்டதில் தவறில்லை. வலியும் முதுமையும் அடுத்தவர் கையை நம்பி வாழும் நிலையும் ஒருவரை என்ன பாடு படுத்தும் என்பதை என்னைவிட நீங்கள் அருகில் இருந்து பார்க்கிறீர்கள். அதை வைத்து அவருடைய ஜெபத்தைப் பொய் என்று சொல்லிவிட வேண்டாம். அதே நேரத்தில், திட்டு எல்லை மீறினாலோ கை நீண்டாலோ, சிலுவை சுமக்கிறேன் என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அவர் பிள்ளைகளிடமும் உங்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியிடமும் சொல்லுங்கள்.

நானும் இதை ஜெபமாகச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. மாற்கு 12-இல் வேதபாரகன் ஒருவன் எது பிரதான கற்பனை என்று கேட்டபோது, இயேசு ‘இஸ்ரவேலே கேள்’ என்றுதான் தொடங்கினார். ‘உன் முழு மனதோடும்’ என்பதும் அங்கே சேர்ந்து வருகிறது. பிறனிடத்தில் அன்புகூரும் லேவியராகமக் கற்பனையையும் அதோடு இணைத்தார். எனவே வசனத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கையால் கண்ணை மூடுவது, வாசலில் மெஸூஸா வைப்பது, கையிலும் தலையிலும் தோல்பெட்டி கட்டுவது போன்றவை அந்த ஜனத்தின் உடன்படிக்கை அடையாளங்கள். அவர்கள் அதற்காக உயிர் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கூட்டங்களில் சிலர் இப்போது அதையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை.

கடைசியாக, அவர் ஷெமா சொல்லும்போது என்ன செய்வது என்று கேட்டீர்கள். இதற்குத் தெளிவான பதில் உண்டு. துர்நாற்றம் வீசும் இடத்திலும், மலஜலம் இருக்கும் இடத்திலும் ஷெமா சொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகவே அவர் தொடங்குவதற்கு முன்பே டயப்பரை மாற்றி, பெட்பேனையும் கழிவு வாளியையும் அறைக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் அதன்மேல் ஒரு துணி போடுங்கள். உடம்பு போர்வைக்குள் இருக்கட்டும். காலையில் கை கழுவக் குவளையில் தண்ணீரும் ஒரு பாத்திரமும் படுக்கை அருகில் வையுங்கள். அவர் தொடங்கிவிட்டால் பேச்சுக் கொடுக்காதீர்கள், மாத்திரையை நீட்டாதீர்கள்; நடுவில் கண்ஜாடையும் விரல்ஜாடையும்கூடக் காட்டக் கூடாது என்று தல்மூத் சொல்லியிருப்பதால் அவரால் உங்களுக்குப் பதில் காட்ட முடியாது. முதல் வசனம் முடிந்ததும் குரலைத் தாழ்த்தி ஒரு வரி முணுமுணுப்பார். உங்களிடம் ஏதோ கேட்கிறார் என்று குனிய வேண்டாம். ‘அவருடைய ராஜ்யத்தின் மகிமையான நாமம் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்படுவதாக’ என்ற வரி அது. வருடம் முழுவதும் மெதுவாகத்தான் சொல்வார்கள், யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாள் அன்று மட்டும் சத்தமாக. அவர் குடும்பத்துக்கென்று வேறு வழக்கம் ஏதும் உண்டா என்று அவர் பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்காகச் சந்தோஷப்படுவார்கள்.

உங்களுக்காகவும் மகளுக்காகவும் ஜெபிக்கிறேன்.